ஐஸ் பெட்டியில் இருந்த சாமி

கமலாத்தாளிடம் ஒரு பொருளைக் கொடுத்து வைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்பது கேரள எல்லையோரத்து மீனாட்சிபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாணம் காட்சி என்று வெளியூர் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரோ மறந்துபோன குடை ஒன்று வருஷக்கணக்கில் அவள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கம்பி துருப்பிடிக்கக் கூடாதென்று மழைக்காலத்துக்கு முன்னால் அதற்கு எண்ணெய் வேறு தடவுவாள். குடைக்காரர் இதற்குள் செத்தே போயிருப்பார், அது வேறு விஷயம். நாளைக்கே வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமே!

அந்தத் தகர டப்பாவும் அப்படி வந்து சேர்ந்ததுதான்.

அவள் அப்புசாமியைக் கட்டிக்கொண்டு இந்தத் தோட்டத்துச் சாளை வீட்டுக்கு வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு ஃபிரிட்ஜும் வண்டியிலிருந்து இறங்கியது. அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் ஃபிரிட்ஜைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்தவர்கள் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டிச் சிலிர்த்துக்கொண்டு போனார்கள். மாமியாருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "பழைய சோத்தை வெக்கறதுக்கு இத்தாச்சோடு பொட்டியா?" என்று நொடித்தாள். அந்தப் பெட்டியின் அருமை தெரிந்த ஒரே ஆள், மாட்டுக்கு ஊசி போட வருகிற ராக்கப்பன்தான். ஊருக்குள் இருந்த மிருகாஸ்பத்திரிக் கட்டடத்தில் மேசை உண்டு, நாற்காலி உண்டு, குளிர்ப்பெட்டி கிடையாது. வெக்கை நோய்க்கான மருந்தோ குளிரிலேயே இருந்தாக வேண்டியது. ஊரில் ஒரு தடவை வெக்கை புகுந்து போன பிறகு அவர் அப்புசாமியிடம் வந்து தலையைச் சொறிந்தார். அன்றிலிருந்து ஐஸ் வைக்கிற மேல்தட்டு அரசாங்கத்துக்குப் போயிற்று.

வெக்கை என்றால் இன்றைக்கு இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். காலையில் மாடு தீனி எடுக்காது. கண்ணில் நீர் வடியும். வாயெல்லாம் புண்ணாகித் தவிடு ஒட்டினாற்போல் வெளுத்துவிடும். அப்புறம் கழிய ஆரம்பிக்கும். அந்த நாற்றம் இருக்கிறதே, சோற்றில் கை வைக்க முடியாது. கமலாத்தாள் வந்த புதிதில் அது ஊருக்குள் புகுந்து கட்டுத்தறி கட்டுத்தறியாகக் காலி செய்தது. அவள் அப்பன் வீட்டிலிருந்து அவள் பின்னாலேயே ஓட்டிவந்த மயிலைப் பசு, தண்ணீர்த் தாளியில் வாயை வைத்தபடியே சரிந்து விழுந்தது. தோட்டத்து மூலையில் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளினார்கள். இரைச்சலும் மணியோசையுமாக இருந்த கட்டுத்தறியில் வெறும் கயிறுகள் கிடந்தன. அவள் புதுப்பெண், வாய்விட்டு அழக்கூடக் கூச்சமாக இருந்தது. அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு வாங்கிக் கட்டிய மாடுகளுக்கு ராக்கப்பன் வந்து ஊசி போட்டார். அந்த மாடுகளை வெக்கை தொடவில்லை. அக்கம்பக்கத்தில் சாவு விழுந்துகொண்டே இருந்தபோதும் தொடவில்லை. இதைக் கண்ணாரப் பார்த்தவள் கமலாத்தாள்.

பின்னால் ஒரு நாள் ராக்கப்பன் வந்து, தனக்குக் காந்தலூர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டது என்றார். "மிச்சக் குப்பி கொஞ்சம் டப்பாவுல இருக்குதுங்க அம்மிணி. நானே வந்து எடுத்துக்கறனுங்க. அதுவரைக்கும் சூடு மட்டும் பட்டறக் கூடாது." அவர் வரவில்லை. மலை ஏறியவர் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார் என்று வெகுகாலம் கழித்துக் கேள்விப்பட்டார்கள். அதற்குள் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டார்கள். வெக்கை நாட்டிலேயே இல்லை என்றார்கள். பிறகு உலகத்திலேயே இல்லை என்றார்கள். டப்பாவைக் கேட்டு மட்டும் ஒருவரும் வரவில்லை.

கேட்டு வராவிட்டால் என்ன? சூடு படக் கூடாது என்று சொன்னாரே! கமலாத்தாள் படவிடவில்லை. ஃபிரிட்ஜ் கெட்டு வேறு ஃபிரிட்ஜ் வந்தது, அதுவும் போய் இன்னொன்று வந்தது. டப்பா மட்டும் ஒரு ஐஸிலிருந்து இன்னொரு ஐஸுக்குப் போனது. கரண்டு போனால் அந்தச் சாளையில் முதலில் எழுந்து ஓடுகிறவள் அவள்தான். அந்தக் காலத்தில் பொள்ளாச்சி ஐஸ் கம்பெனியிலிருந்து உமி மூடின ஐஸ்கட்டியை பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவாள். பிற்பாடு அப்புசாமியை அரித்தெடுத்து இன்வெர்ட்டர் வாங்க வைத்தாள். டிவி பார்க்கத்தான் என்று ஊரார் நினைத்தார்கள். டிவி பாட்டுக்கு அணைந்துதான் கிடக்கும், ஃபிரிட்ஜ் ஓடும்.

மாட்டுப் பொங்கலன்று பொழுது சாய்கிற நேரம் பட்டி நோம்பி. எல்லாத் தோட்டத்திலும் சாணத்தால் குளம் கட்டி, கல் நட்டு, பொங்கல் வைத்து, நோயெல்லாம் எல்லை தாண்டிப் போகட்டும் என்று தட்டத்தைத் தட்டிக்கொண்டு பட்டியைச் சுற்றுவார்கள். கமலாத்தாள் வீட்டில் மட்டும் கூடுதலாக ஒரு சாமி உண்டு. ஐஸ் நிரப்பின போசிக்குள் அந்தத் தகர டப்பாவை வைத்துக் கொண்டுவந்து, மஞ்சள் குங்குமம் இட்டு, பட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவாள். சூடம் காட்டும்போது மட்டும் கையைத் தூர நீட்டித்தான் காட்டுவாள். கும்பிட்டு முடிந்ததும் மறுபடி ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். அப்புசாமி முதலில் கேலி பேசினார். "ஊர்ல சாமிக்கெல்லாம் கோயில் கட்டுவாங்க, என்ற பொண்டாட்டி ஐஸ் பொட்டி கட்டிக் குடியிருத்திப் போட்டா." அப்புறம் அவருக்கும் அது பழகிவிட்டது. டப்பா வராமல் தட்டத்தைத் தொடமாட்டார்.

இதனால்தான், மிருகாஸ்பத்திரி டாக்டர் ஜிபி ஒரு தடவை பால் சொசைட்டியில் நின்றுகொண்டு, "வெக்கை நோயோட பழைய மருந்து, ரத்த சாம்பிள், எது யார் கையில இருந்தாலும் ஒப்படைச்சிரணும். எல்லாத்தையும் அழிக்கணும்னு உத்தரவு" என்று சொன்னபோது, கமலாத்தாள் மற்றவர்களைப் போலவே தலையாட்டினாள். எந்த ஆபீசில் எந்த மூலையில் கிடக்கிறதோ, அழிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பால் கேனைக் கழுவினாள். மறைக்க வேண்டுமென்ற எண்ணம் துளிகூட இல்லை. அவள் வீட்டில் இருந்தது சாமி. சாமியை யாராவது மருந்தென்று நினைப்பார்களா?

போன மழையோடு அம்மை வந்தது. இது வெக்கை இல்லை, புதுசு. மாட்டின் தோல் முழுக்கக் கட்டி கட்டியாகக் கிளம்பி, கால் வீங்கி, கட்டி உடைந்து சலம் வடியும். ஜிபி காலில் செருப்பு நிற்காமல் அலைந்தாள். வண்டன்மேட்டுக்காரி அவள். ஏலத்தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் பேசுவாள். சிடுசிடுப்பான பொம்பளை, ஆனால் மாட்டைத் தொட்டால் கை அத்தனை மெத்தென்று இருக்கும். அவள் செய்ததெல்லாம் செய்தாள். கமலாத்தாளின் கறவை மாடுகள் இரண்டும் போயின. மிச்சம் மாலாத்தா.

மாலாத்தா ஒரு கெடேரி, இன்னும் கன்று போடாத இளசு. மாட்டுப் பொங்கலன்று பிறந்தது. அன்று பிறந்த கன்றை மாலகோயிலுக்கு நேந்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது. பிறந்தபோதே தாயை இழந்ததால் கமலாத்தாள்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அவள் சேலைத் தலைப்பைச் சப்பிச் சப்பியே கந்தலாக்கிய கழுதை அது. அவள் குரல் எங்கே கேட்டாலும் கயிற்றை இழுத்துக்கொண்டு திரும்பும். அதற்கும் கட்டி வந்தது. கழுத்து வீங்கி, தலையைத் தூக்க மாட்டாமல் படுத்துவிட்டது.

"காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்கேன். புண்ணுக்கு மருந்து போடுங்க, தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. இதுக்கு மேல இதுக்கு வைத்தியம் கிடையாதும்மா. தாங்கினா பிழைச்சுக்கும்" என்றாள் ஜிபி.

தாங்கினா! அதென்ன பேச்சு? வைத்தியம் இல்லையா? வைத்தியம் கமலாத்தாளின் ஃபிரிட்ஜில் இருந்தது. வெக்கையையே விரட்டின சாமி, இந்தக் கட்டியை விரட்டாதா?

அப்புசாமி புண்ணாக்கு வாங்கப் பொள்ளாச்சி போயிருந்த நேரம் அது. ராக்கப்பன் செய்ததை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். மருந்துக்கடையில் உப்புத்தண்ணீரும் ஊசியும் வாங்கிவந்து, உப்புத்தண்ணீரைக் குளிர வைத்தாள். டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திறந்தாள். ஒரு குப்பியின் கழுத்தை முறித்து, உள்ளே ஒட்டியிருந்த பொடியைக் கரைத்து, கெடேரியின் தோலை இழுத்துப் பிடித்து ஏற்றினாள். "என்ற சாமீ, இதையொண்ணையாவது எனக்கு உட்டுப்போடு" என்று மட்டும் சொன்னாள்.

மாலாத்தா பிழைத்தது. ஒரு வாரம் போலக் கழித்து எழுந்து நின்று, சோளத்தட்டைக் கடித்தது. பிறகு அவள் தலைப்பைக் கடித்தது. அன்றைக்குக் கமலாத்தாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊசியைப் பற்றி அப்புசாமியிடம்கூட அவள் சொல்லவில்லை. சாமி காரியத்தைத் தம்பட்டம் அடிப்பானேன்?

அம்மை ஓய்ந்த பிறகு, பிழைத்த மாடுகளின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மையைப் பற்றி ஆராயத்தான் எடுத்தார்கள். எடுத்த கையோடு வேறு நோய்கள் இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். பார்த்த இடத்தில் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது.

ஒரு நாள் காலையில் வண்டிகள் வந்து நின்றன. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் இறங்கினார்கள். தோட்டத்துப் பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். மாடு உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. பால் வண்டி வரவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த எல்லாத் தோட்டத்து மாடுகளுக்கும் வாயைப் பிளந்து பார்த்து, மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

ஜிபி கட்டுத்தறியில் வந்து நின்றாள். அவள் முகமே சரியாக இல்லை.

"வெளியூர்ல இருந்து மாடு ஏதும் புதுசா வாங்கினீங்களா? சந்தைக்குக் கொண்டு போனீங்களா? ஒளிக்காமச் சொல்லுங்க."

"இல்லீங் டாக்டரம்மா" என்றார் அப்புசாமி. "நேந்துவிட்ட கன்னை எதுக்குங்க சந்தைக்குக் கொண்டுபோறோம்? அப்பிடி என்ன வந்துபோச்சுங்க?"

"உங்க கெடேரி ரத்தத்துல வெக்கை நோயோட அடையாளம் இருக்கு."

அப்புசாமி சிரித்துவிட்டார். "வெக்கையா? அதுதான் உலகத்துலயே இல்லீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"இல்லதான். மனுஷனுக்கு வந்த பெரியம்மைக்கு அடுத்தபடியா மொத்தமா ஒழிச்ச நோய் இது ஒண்ணுதான். அதான் பயப்படுறாங்க. இந்த அடையாளம் ரெண்டே வழியில தான் வரும். ஒண்ணு, நோய் வந்து பிழைச்சிருக்கணும். இல்லாட்டி அந்த ஊசி போட்டிருக்கணும். ஊசியை நிறுத்தி எவ்வளவு காலமாச்சு! இந்தக் கெடேரியோட பாட்டி கூடப் பொறந்திருக்காது. அப்ப நோய்தான்னு நினைக்க வேண்டியிருக்கு. எங்கயோ உயிரோட இருந்து இங்க வந்திருக்குன்னு."

கமலாத்தாள் சோளத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மாலாத்தா அதை இழுத்து இழுத்துத் தின்றது.

ஜிபி போன பிறகு அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள்.

"அட கெரகமே! என்ன காரியம் பண்ணிப்போட்ட நீ!"

"உசுரு போகுதேன்னு பண்ணிப்போட்டனுங்க. இப்பப் போயி டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடலாமுங்களா?"

"வாயைத் தொறக்காத. சொன்னீன்னா கெடேரியக் கொண்டுபோயிருவாங்க. டப்பாவக் கொண்டுபோயி எங்கயாச்சும் குழி தோண்டிப் பொதைச்சுப்போடு. நோயும் இல்ல, நொடியும் இல்ல. ரெண்டு வாரம் தேடுவாங்க, ஒண்ணும் கெடைக்காது, கயித்தை அவுத்துட்டுப் போயிருவாங்க."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கமலாத்தாளும் வாயைத் திறக்கவில்லை. டப்பாவைப் புதைக்கவும் இல்லை. ஃபிரிட்ஜைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள்.

அவர்கள் கயிற்றை அவிழ்க்கவில்லை. இன்னும் தள்ளிப்போய்க் கட்டினார்கள். பாலை விற்க முடியாமல் ஆளாளுக்குத் தென்னை மரத்தடியில் ஊற்றினார்கள். ஊரே புளித்து நாறியது. மீனாட்சிபுரத்துப் பால் என்றால் வேண்டாம் என்று கோயமுத்தூர் வரைக்கும் சொல்லிவிட்டார்களாம். ரத்தம் மறுபடி சரியில்லை என்று வந்தால் கயிற்றுக்குள் இருக்கிற மாடு அத்தனையும் கொன்று புதைத்துவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ, நிஜமோ பொய்யோ, கிளம்பிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துத் தங்கதுரையின் பெண்டாட்டி ஜீவிதா வேலியோரம் வந்து நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் மாட்டை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அவள் மேலெல்லாம் பால் நாற்றம்.

"பெரியம்மா, நாலு மாடு சினையா நிக்குதுங்க. வயித்துல கன்னோட அதுகளையும் கொன்னு போடுவாங்களாங்க? அம்மையில கண்ணு முழிச்சு, கொசுவத்தி வெச்சு, ஒண்ணொண்ணாக் காப்பாத்துனனுங்களே!" என்றாள். அப்புறம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

கமலாத்தாளுக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்த அழுகை எப்படி வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். நெஞ்சுக்குள்ளேயே கிடந்து அறுக்கும்.

அவள் வீட்டுக்குள் போனாள். போசியை எடுத்து அடியில் ஐஸைக் கொட்டினாள். டப்பாவை வைத்து, மேலேயும் ஐஸைக் கொட்டி, ஈரத் துணியால் வாயை இறுக்கிக் கட்டினாள். அப்புசாமி வாசலில் மறித்தார்.

"வேண்டாம், கமலா. நான் சொல்றதைக் கேளு. சாமிக்கு நேந்த உசுரு அது."

"ஜீவிதா மாடெல்லாம் ஆருக்கு நேந்ததுங்க?" என்றாள் அவள். "உடுங்க."

அவர் விலகிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜிபி பாதைக் கயிற்றருகே ஜீப்பின் நிழலில் நின்றுகொண்டிருந்தாள். கமலாத்தாள் போசியைக் கீழே வைத்துத் துணியை அவிழ்த்தாள். மஞ்சளும் குங்குமமும் அப்பிய தகர டப்பா ஐஸுக்குள் உட்கார்ந்திருந்தது.

"நோயெல்லாம் ஒண்ணும் வரலீங்க, டாக்டரம்மா. நாந்தான் ஊசி போட்டனுங்க. ராக்கப்பன் குடுத்துட்டுப் போன மருந்து. சூடு படாமக் கொண்டாந்திருக்கறனுங்க."

ஜிபி குனிந்து பார்த்தாள். பார்த்தவள் இரண்டடி பின்னால் போனாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மெதுவாக மூடியைத் திறந்து, ஒரு குப்பியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். "என்றெ ஈஸ்வரா" என்று அவள் வாயில் தன்னால் வந்தது.

அப்புறம் நிறையக் கேள்விகள். எத்தனை குப்பி உடைத்தாள், வேறு மாட்டுக்குப் போட்டாளா, வேறு யாராவது தொட்டார்களா, உடைந்த கண்ணாடி எங்கே. கமலாத்தாள் எதையும் மறைக்கவில்லை. உடைந்த குப்பியைக்கூடக் கழுவி, துணியில் சுற்றி, அந்த டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தாள். ஒப்படைக்கிற பொருளில் குறை இருக்கக் கூடாதல்லவா?

டப்பாவை ஒரு பெட்டிக்குள் வைத்து, அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக் கொண்டுபோனார்கள். மற்ற மாடுகளின் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. கயிறு அவிழ்ந்தது, பால் வண்டி வந்தது, ஊர் மூச்சு விட்டது. மூச்சு விட்ட கையோடு அவளை ஏசவும் செய்தது. "அரசாங்கத்து மருந்தைத் திருடி வெச்சிருந்தாளாமா" என்று சொசைட்டியில் ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. யாரும் சாவி கொடுக்க வரவில்லை.

மாலாத்தாவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். அப்புறம் சொன்னார்கள். அதைச் சொல்ல ஜிபி தனியாக வந்தாள். கட்டுத்தறிக் கல்லில் உட்கார்ந்து, கமலாத்தாள் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் எழுதிப் பார்த்தேன்மா. இது யாருக்கும் நோயைப் பரப்பாதுன்னு எழுதினேன். உயிரோட இருக்கிற வரைக்கும் இதோட ரத்தத்துல அந்த அடையாளம் இருக்கும்ங்கிறாங்க. ஊசியில வந்ததா, நோயில வந்ததான்னு ரத்தத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. அந்த அடையாளத்தை வெச்சுத்தான் உலகம் பூரா நோயைத் தேடுறாங்க. அப்பிடி ஒரு மாடு கூட இருக்கக் கூடாதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க."

"இங்கயே கட்டி வெச்சுக்கறனுங்க. வாசல் தாண்ட உடமாட்டனுங்க. எழுதிக்கூடக் குடுக்கறனுங்க."

"கேட்டுட்டேன்மா."

மாலாத்தா கழுத்தை நீட்டி ஜிபியின் தோளை மோந்து பார்த்தது. ஜிபி அதன் தாடையைச் சொறிந்துகொடுத்தாள்.

"போகட்டும்" என்றாள் கமலாத்தாள். "அன்னிக்கே போயிருக்க வேண்டியது. அந்த ஊசியாலதான் இத்தனை நாளு இருந்துது. அந்தமட்டுக்கும் சரீன்னு நெனச்சுக்கறனுங்க."

ஜிபி பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. பொய்க்குத் தலையாட்டத் தெரியாத பிறவி.

"அம்மா, அந்த ஊசிக்கும் இந்த அம்மைக்கும் சம்பந்தமே கிடையாது. அது வேற கிருமி, இது வேற கிருமி. நான் பார்க்க வந்தன்னிக்கே காய்ச்சல் லேசா இறங்க ஆரம்பிச்சிருச்சு, அப்ப உறுதியாச் சொல்ல முடியலை. இது தானாப் பிழைச்சதும்மா."

"தானாவா?"

"தானா."

"அப்ப நான் போட்ட ஊசி..."

ஜிபி மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாதாரணமா இத்தனை வருஷத்துல அந்த மருந்து செத்துப்போயிருக்கும். கொஞ்சம் சூடு பட்டிருந்தாலே போதும், வெறும் தண்ணியாப் போயிருக்கும், ரத்தத்துல ஒரு அடையாளமும் வந்திருக்காது. லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு அவங்களே நம்பலை. இவ்வளவு பத்திரமா ஒருத்தர் வீட்டுல வெச்சிருக்க முடியுமான்னு கேட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா."

கமலாத்தாளை அதுவரை யாரும் இப்படி அடித்ததில்லை. அவள் எழுந்துபோய் மாலாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "கண்ணே, நல்லாயிருந்த உன்னை நானே கொன்னு போட்டனே" என்று அரற்றினாள். இந்தத் தடவை கூச்சப்படவில்லை. முந்தானையும் வாய்க்குப் போகவில்லை. அதை மாலாத்தா தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வண்டி வந்துவிட்டது. பழைய குழி இருந்த தோட்டத்து மூலையிலேயே புதுக் குழி வெட்டியிருந்தார்கள். சுண்ணாம்பு மூட்டைகள் வரிசையாக இருந்தன. வெள்ளை உடுப்புக்காரர்கள் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். மாலாத்தா நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. தள்ளிப் பார்த்தார்கள். இம்மியும் நகரவில்லை.

அப்புசாமி உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கமலாத்தாள் வெளியே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். "வா, சாமி" என்றாள். அவ்வளவுதான், மாலாத்தா பின்னாலேயே நடந்தது. வழியில் ஒரு சோளப் பயிரைக் கடித்தது. கடிக்கட்டும் என்று அவள் நின்றுகொடுத்தாள். குழிக்குப் பக்கத்தில் போனதும் தன் தலைப்பை அதன் வாயில் கொடுத்தாள். ஜிபிதான் ஊசி போட்டாள். வேறு யாரையும் போடவிடவில்லை. தலைப்பைச் சப்பிக்கொண்டே மாலாத்தா முன்னங்காலை மடித்தது. பின்னங்காலும் மடிந்தது. ஈரமான தலைப்பைக் கமலாத்தாள்தான் அதன் வாயிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்தபின் ஜிபி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். இனி எங்கேயும் பயமில்லை என்றோ, அந்த நோய் இல்லாத உலகம் அப்படியே இருக்கிறது என்றோ சொன்னாள். கமலாத்தாள் தலையாட்டினாள். நல்லதுதான். இருக்கட்டும். ஜீவிதாவின் மாடுகள் வேலிக்கு அந்தப்புறம் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஜீவிதா மட்டும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை.

அன்று மத்தியானம் அப்புசாமிக்குச் சோறு போட்டுவிட்டு, கமலாத்தாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுத்தறியில் ஒரு சத்தமும் இல்லை. வெறும் கயிறு கிடந்தது. திடீரென்று ஃபேன் மெதுவாகி நின்றது.

கமலாத்தாள் விருட்டென்று எழுந்தாள். இன்வெர்ட்டர் சுவிட்சு இருக்கும் சுவர் வரைக்கும் கால் தன்னால் ஓடியது. கையைச் சுவிட்சில் வைத்தவள், போடாமல் அப்படியே நின்றாள்.

"கரண்டு போச்சாட்ட இருக்குது" என்றார் அப்புசாமி. கயிறு கட்டின பாதைக்கு அவள் போசியோடு போன நாளிலிருந்து அவர் அவளிடம் பேசுகிற முதல் பேச்சு அது.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள்.

"போகட்டுமுங்க" என்றாள்.